மூன்றாவது நகர்த்தலில் ஒரு செக்

எழுபதுகளில் லாரி கிளீனராக நான் காரைக்குடியில் வந்து இறங்கியபோது, கோட்டையூர் லாரி புரோக்கர் ஒருவரைச் செஸ்ஸில் ஜெயித்தவர் யாரும் இல்லை. ஜெயிக்கப் போன ஒருவனைப் பலகையாலேயே மண்டையில் அடித்திருந்தார். அந்தத் தழும்போடு அவன் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்றான்.

கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் கம்ப்யூட்டருக்குச் செஸ் ஆடப் பழக்கியிருந்தார். துளை போட்ட அட்டையை உள்ளே கொடுத்தால் தாளில் பதில் அடித்துத் தரும். நடு ஆட்டத்தில் முரட்டு அடி அடிக்கும். தொடக்கத்தில் மட்டும் ஓரத்துச் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டிருக்கும். முதல் சில நகர்த்தல்களை நாம்தான் தேர்ந்து கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் லாரி நின்ற ஊரிலெல்லாம் ஆடியிருந்ததால், புரோக்கரோடு கம்ப்யூட்டரை மோதவிட முடிவானபோது அதற்கு என்னைக் கூப்பிட்டார்.

புரோக்கர் பழைய நாட்டுச் சதுரங்கத்து விதி ஒன்று வேண்டும் என்றார்: ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். அதைக் கம்ப்யூட்டருக்குப் புகட்ட நேரமில்லை என்று விரிவுரையாளர் கையைப் பிசைந்தார். ஆனால் ஒரு தடவை செக் வாங்கிய ராஜா பிறகு தாவக் கூடாது. அதுவும் அந்த விதிதான். புரோக்கர் எப்படித் தொடங்குவார் என்று டீக்கடையில் பார்த்திருந்தேன். புத்தகத்தின் பெரிய தொடக்கங்களை விட்டுவிட்டு, மூன்றாவது நகர்த்தலிலேயே மந்திரியால் செக் கொடுக்கும் ஒன்றைத் தேர்ந்தேன்.

கம்ப்யூட்டரின் காய்களை நகர்த்த என்னையே உட்கார வைத்தார்கள்.

"மிசினு ஜெயிச்சா ஓன் கையத்தான் ஒடிப்பேன்," என்றார் புரோக்கர். "அதுக்குத்தான் கையி இல்லைல."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதில் செக் விழுந்தது. புரோக்கர் குதிரையைக் குறுக்கே வைத்து மறைத்துவிட்டு வெற்றிலை மென்றார். சாயங்காலம் அவர் ராஜா மூலையில் மாட்டியது. எடுத்துத் தாவ வைத்தார்.

"தாவ முடியாதுண்ணே. மொதல்லயே செக் வாங்கிட்டீக," என்றேன்.

அவருடைய ஆள் ஒருவன் வாய் தவறி ஆமாம் என்று சொல்லி அறை வாங்கினான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் செக்கு மிசினு புத்தி இல்லடா. ஓன் புத்தி."

உண்மைதான். என் வலது கையைப் பலகையோடு அழுத்திப் பிடித்து, இரும்பு ஸ்டூலின் காலை இறக்கினார். முதல் அடியில் தோல் கிழிந்தது. அடுத்ததில் எலும்பு போயிற்று. ரத்தம் படாமல் தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் வெளியே ஓடினார்.

கையில் கட்டோடு நான் படுத்திருந்தபோது விரிவுரையாளர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். புரோக்கர் மறுபடி ஆடக் கேட்கிறாராம். என்ன தொடக்கம் போடலாம் என்றார். காய் நகர்த்தப் போவது யார் என்று கேட்டேன். அவர் என் இடது கையைப் பார்த்தார்.

பழத்தை உரித்துத் தரச் சொல்லித் தின்றேன். அன்றைக்கே திருச்சி லாரியில் ஏறிவிட்டேன்.