இருபத்தைந்து மீட்டர்

ஹார்மன் ஊஸ்டெர்பான் இருபத்தைந்தாவது எட்டில் நின்று, திரும்பி, பக்கத்து வீட்டுச் சாம்பல் நிறக் காரின் எண்பலகையை உரக்கப் படிக்கிறார். ஒவ்வொரு எட்டும் சரியாக ஒரு மீட்டர். தெருவில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரலில் குறைவிருக்காது. படித்து முடித்ததும் காப்பி. காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கெட். அதற்குமேல் டப்பாவின் மூடி திறக்காது.

டெவென்டர் என்ற டச்சு நகரில் நாற்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அங்கே ஓட்டுநர் தேர்வு காருக்குள் ஏறும் முன்பே, இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் எண்பலகையில் தொடங்கிவிடும். ஹார்மன் அதை முதல் வகுப்பிலேயே தொடங்குவார். தடுமாறியவர்களுக்கு ஒரே பதில்தான்: "போய்க் கண்ணாடி வாங்கிட்டு வா. கிளட்ச் பத்தி அப்புறம் பேசுவோம்." பாதி ஊர் அவரிடம் படித்தது. இன்றும் ரொட்டிக் கடையில் முன்னால் நிற்பவரிடம், "இடது பக்கம் திரும்புறது இப்பவாவது வந்துச்சா?" என்று கேட்டு, ஐம்பது வயதுக்காரரைத் தலைகுனிய வைப்பார். அவருடைய அகராதியில் ஆகப்பெரிய பாராட்டு "பரவாயில்ல".

மனைவி டீனெகே மட்டும் வேறொருவரிடம் கற்றுக்கொண்டார், கல்யாணம் நிலைக்க வேண்டும் என்பதற்காக. நன்றாகவே ஓட்டுவார். ஆனால் இருவரும் சேர்ந்து போனால் ஓட்டுவது ஹார்மன்தான். அது பேசி முடிவான விஷயமல்ல, அப்படியே நடந்து வந்தது.

இந்தப் பிப்ரவரியில் மூன்று வாரம் குராசாவ் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. மேற்குக் கரையில், கடலைப் பார்த்த வீடு. கடை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. நல்ல கடற்கரைகள் மூலைக்கு ஒன்றாக. வாடகைக் கார் எடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. எந்த நாட்டுக்குப் போனாலும் விமானச் சீட்டுக்கு முன்பே காரைப் பதிவு செய்யும் ஹார்மன் இந்த முறை வேண்டாம் என்றார்.

"கடலுக்குப் போறது நனையறதுக்கு. அங்க கார் எதுக்கு?"

பேருந்து இருக்கிறது என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றார் டீனெகே. அங்கே ஆடுகள் சாலையில் படுத்துக் கிடக்கும் என்றார் ஹார்மன். ஊரான் காரின் பிரேக்கை நம்பக்கூடாது, மணல் புகுந்தால் நம் தலையில் கட்டுவார்கள், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அடுக்கினார். டீனெகே வாதாடவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. பதிவுப் பக்கம் ஒரு வாரமாகக் கணினியில் திறந்தே கிடந்தது.

ஹார்மனின் கண்ணில் ஒரு வருடமாகப் பனி மூடியதுபோல் மங்கல். தெருவிலுள்ள பதினாலு கார்களின் எண்களும் அவருக்கு மனப்பாடம். தினமும் காலையில் அவர் படித்தது எண்பலகையை அல்ல, ஞாபகத்தை. ஊருக்குள் தெரிந்த சாலைகளில் மெதுவாக ஓட்டிச் சமாளித்தார்; அது தப்பு என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. முன்பின் தெரியாத தீவுச் சாலையில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அவருக்குப் பயம். கண் போவதைவிட, தான் ஊருக்கெல்லாம் சொன்ன அந்தக் கண்ணாடி வாக்கியத்தை யாராவது தன்னிடம் திருப்பிச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. டீனெகே காகிதக் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஹார்மன் வழக்கம்போல் எட்டு வைத்து, நின்று, எழுத்து எழுத்தாக, பிசகாமல் படித்தார். பக்கத்து வீட்டு வௌட்டர் அந்தக் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க படிச்ச நம்பரோட கார் சனிக்கிழமையே போயிடுச்சு, ஹார்மன். அதே நிறம், அதே கம்பெனி. ஆனா இது புதுசு."

வௌட்டர் சிரித்தான். டீனெகே சிரிக்கவில்லை. எண்பலகையைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், தொட்டியை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

காப்பியை வைத்துவிட்டுத்தான் டீனெகே பேசினார்.

"கார் எடுக்குறோம். என் பேர்ல. மார்ச்சுல உனக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அதுவரைக்கும் இங்கயும் நான்தான் ஓட்டுவேன்."

"நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்து வரணுமா?"

"நாப்பது வருஷம் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த."

"அங்க என் காலடியில ஒரு பிரேக் இருந்துச்சு, டீனெகே."

"இதுல இருக்காது," என்றார் டீனெகே.

ஹார்மன் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

குராசாவில் வெயிலில் கண் கூசியது. வாடகைக் கார்க் கொட்டகையில் இருந்த பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியை டீனெகேயிடம் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனாள். பெட்டிகளைப் பின்னால் அடுக்கிய ஹார்மன், நேராக ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். டீனெகே சாவியோடு வெளியே நின்றார். ஹார்மன் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குனிந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டு நெம்புகோலைத் தேடிப் பிடித்தார். இருக்கையை முன்னால் நகர்த்தினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வெளியே நின்ற டீனெகேயின் கால்களை ஒருமுறை பார்த்து அளவெடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு பல் முன்னால் தள்ளினார்.