தொரசாணி ஸ்டார்ட் ஆகாத நாட்கள்

மனோகரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அப்பன், பாட்டன், பெரியப்பன் என்று அத்தனை பேரும் கடலுக்குப் போய்ச் சோறு தின்ற குடும்பம். இவன் மட்டும் படகு அலையைத் தாண்டுவதற்குள் குடலைப் பிடுங்கி வெளியே போட்டுவிடுவான். மீன் பிடிக்கப் போகிறானா, மீனுக்குத் தீனி போடப் போகிறானா என்று குப்பமே கேட்டுச் சிரித்தது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று கரையிலேயே வேலை தேடிக்கொண்டான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. கேட்டில் நின்று, உள்ளே வரும் டிரெய்லரின் நம்பரையும் கண்டெய்னரின் பூட்டு முத்திரையையும் பார்த்து உள்ளே விடுகிற வேலை. கறுத்த தலையோடு போய் நின்றவன் நரைத்த பிறகும் அதே கேட்டில்தான் நின்றான், அதே புழுதியைத்தான் தின்றான்.

அந்த வீட்டில் கடலை நம்பிப் பிழைத்தவள் அவன் பெண்டாட்டி புஷ்பவல்லிதான். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துச் சில்லறைக்கு விற்றாள். அவள் வாயைத் திறந்து விலை கேட்டால் பக்கத்துக் கடைக்காரிகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அப்படியொரு குரல். ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாக இழுத்துப் போவாள். அப்பேர்ப்பட்டவளுக்குச் சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, கடைசியில் கிட்னி இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சென்டரில், காலை ஷிப்டில், அவளுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. மாற்றுக் கிட்னி வைத்தால் அவள் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, உயிர் இருக்கிற வரைக்கும் இதுதான்.

அதைக் கேட்ட நாளிலிருந்து மனோகரனுக்கு எதுவும் உறைக்காமல் போயிற்று. அழுகை வரவில்லை. யார் மீதும் கோபமும் வரவில்லை. ரொம்ப நேரம் ஐஸில் வைத்து எடுத்த கை மாதிரி இருந்தது மனசு. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிப்பது தெரியாது. வேலைக்குப் போனான், வந்தான், அவளுக்கு உப்பில்லாமல் சமைத்தான், குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுத்தான். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த மகள் சௌமியா, "அப்பா, நீ இன்னா கல்லு மாரி கீற" என்று போனில் அழுதாள். அதற்கும் அவன், "சரிமா, சாப்ட்டியா?" என்றுதான் கேட்டான்.

முதலில் ஆட்டோவில்தான் போய் வந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் தோண்டிப் போட்ட பள்ளங்களில் ஆட்டோ குதிக்கிற குதியில் நல்ல உடம்புக்கே இடுப்பு விட்டுப்போகும். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வெளுத்துத் துவண்டு வருகிறவள் பாதி வழியில் வாந்தி எடுத்துவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் யார்டு மேனேஜர் மாற்றலாகி வடக்கே போனார். அவருடைய பழைய கார் ஒன்று, பிரெஞ்சுக்காரன் வண்டி, குடும்பமே உட்கார்ந்து போகிற பெரிய வண்டி, வாங்குவார் இல்லாமல் காக்காய் எச்சத்தோடு மரத்தடியில் நின்றது. கார் வாங்கப் போகிறவன் மெக்கானிக்கைக் கூட்டிப்போய் எஞ்சினைத் திறந்து பார்ப்பான். மனோகரன் பெண்டாட்டியைக் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்கார வைத்தான். அவள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத்தையே வாங்கிக்கோயா" என்றாள். அதோடு வியாபாரம் முடிந்தது.

வண்டிக்குத் 'தொரசாணி' என்று பேர் வைத்தது தெருக்காரர்கள். நியாயமான பேர்தான். எண்ணூர் விரைவுச் சாலையின் பள்ளங்களெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மேலே உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பள்ளம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மெத்தை மாதிரி சீட்டு, சாய்த்தால் படுக்கை. படகில் கக்கினவனுக்கு இந்த ஆட்டம் மட்டும் எப்படி ஒத்துக்கொண்டதோ தெரியவில்லை, சுகமாக இருந்தது. ஆனால் அம்மணிக்கு மனசு வர வேண்டும். வந்தால் ஸ்டார்ட் ஆவாள். வராவிட்டால் கோடம்பாக்கத்து ராணி மாதிரி வாசலிலேயே நிற்பாள். சில நாள் கிளம்பி, காசிமேடு வரைக்கும் ஒழுங்காகப் போய், நடுரோட்டில் பொசுக்கென்று அணைந்துவிடுவாள். பின்னால் டிரெய்லர்காரன் ஆரன் அடித்து அவள் அம்மாவைத் திட்டுவான்.

எர்ணாவூர் மேம்பாலத்தடியில் ஷெட் வைத்திருந்த டில்லிபாபுதான் அதற்கு வைத்தியன். நல்ல பையன், வேலையும் தெரியும், ஆனால் இந்த வண்டியிடம் தோற்றுப்போனான். "அண்ணே, மெஷின மாட்டிப் பாத்தா எல்லாம் நல்லாகீதுன்னு காட்டுது. அப்புறம் ஏண்டி நிக்கிறன்னு கேட்டா பதிலே இல்ல. இதுக்கு பார்ட்ஸும் கெடைக்கமாட்டேங்குது, புதுப்பேட்டயே தேடிட்டேன். பேஜாரு புடிச்ச வண்டிண்ணே, வந்த வெலைக்கு தள்ளி வுட்டுரு" என்பான்.

தள்ளிவிடப் புஷ்பவல்லி சம்மதிக்கவில்லை. மெட்ரோவில் போகலாமே, குலுக்கலே இல்லாமல் போகிறதே, லிஃப்ட்டும் இருக்கிறதே என்று சௌமியா சொன்னாள். அந்த ஏசி தனக்கு ஆகாது என்றாள் புஷ்பவல்லி. ஆட்டோ என்றால் வாந்தி. சென்டர் வண்டியே வீட்டுக்கு வந்து கூட்டிப்போகும் என்றபோது, அதில் நோயாளிகளின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு போக முடியாது என்றாள். எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருந்தாள். தொரசாணியில்தான் போவேன் என்று பிடித்த பிடியை விடவில்லை. உடம்புக்கு இதமாக இருக்கிறது, பாவம், அதையும் பிடுங்குவானேன் என்று மனோகரனும் விட்டுவிட்டான்.

விட்டதற்குப் பலன் இருந்தது. வண்டி நிற்கிற நாளெல்லாம் டயாலிசிஸ் தவறியது. சென்டரில் நர்ஸ் ஆன்சி சிஸ்டர் கறாரான மனுஷி. "நேரத்துக்கு வரலைன்னா கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவோம் அண்ணா. காத்துக்கிட்டு எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? தவற விட்டா அக்காவுக்கு நுரையீரல்ல தண்ணி ஏறிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று போனில் சொல்வாள். ஒரு முறை அப்படியே ஆனது. ஒரு நாள் தவறி, மறுநாளும் இடம் கிடைக்காமல், புஷ்பவல்லிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மீட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனோகரன் எதிர்ச்சுவரில் பெயர்ந்த பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயம் வர வேண்டும் என்று தெரிந்தது. அதுவும் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி நின்றுபோன நாட்களில்தான் அவளைப் பழைய புஷ்பவல்லியாகப் பார்க்க முடிந்தது. அவன் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்காருவான். அவள் சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொள்வாள். மீன்பிடித் துறைமுகத்து வாசலில் போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்து வம்பு பேசுவாள். "அதோ போறான் பாரு பச்சச் சட்ட, அவனுக்கு ரெண்டு வூடு. ரெண்டு வூட்டுக்கும் நான்தான் மீனு குடுத்தேன். ஒருத்திக்கு வெல ஒசந்த வஞ்சிரம், ஒருத்திக்கு சல்லிசா காரப்பொடி. அதுலயே தெரிஞ்சிபோச்சி எவ மேல ஆசைன்னு" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். மனோகரனும் சிரிப்பான். அந்த நேரத்தில் கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயைத் தைத்து வீங்கிப்போன இடத்தைக்கூட அவள் மறைக்க மாட்டாள்.

இப்படி இருக்கும்போது, கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கோ அடிபட்டு உடைத்துப் போட்ட இதே மாதிரி வண்டி ஒன்று டில்லிபாபுவின் கண்ணில் பட்டது. அதிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டு வந்து இதில் மாட்டினான். வயரையெல்லாம் மாற்றினான். "இனிமே நிக்காதுண்ணே. நின்னா என்ன செருப்பால அடி" என்றான்.

அடுத்த டயாலிசிஸ் நாள் காலை. புஷ்பவல்லி ஏறி உட்கார்ந்தாள். மனோகரன் சாவியைத் திருகினான். தொட்டதும் பிடித்துக்கொண்டது, புது வண்டி மாதிரி. எப்படி என்று கேட்கிற மாதிரி அவள் பக்கம் திரும்பினான். அவள் முகம் விழுந்துபோயிருந்தது. கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு எழுப்பிவிட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம். அவன் பார்ப்பது தெரிந்ததும், "பரவால்லயே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வண்டி நிற்கவே இல்லை. கட்டிலும் தவறவில்லை. ஆன்சி சிஸ்டர் முதல் முறையாகச் சிரித்து, அக்கா இப்பதான் ஒழுங்கா வராங்க என்றாள். ரிப்போர்ட் நன்றாக வந்தது. புஷ்பவல்லி மட்டும் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனாள். துறைமுக வாசலை வண்டி தாண்டிப்போகும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் டில்லிபாபு சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, அக்கா செம தமாசுண்ணே. அன்னிக்கு தெருவுல பாத்துட்டு கேக்குது, ஏன்டா நைனா அத்த சரி பண்ண, அது நல்லாத்தான கெட்டுப்போயிகினு இருந்துச்சு அப்டீன்னு."

மனோகரனும் சிரித்தான். சிரித்து முடிக்கிறதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏசி ஆகாது, ஆட்டோ ஆகாது, சென்டர் வண்டி ஆகாது. கட்டாயம் போய்ச் சேருகிற எதுவும் அவளுக்கு ஆகாமல்தான் இருந்திருக்கிறது. சீட்டு சுகத்துக்காக அவள் இந்த வண்டியைப் பிடித்துக்கொள்ளவில்லை. அல்லது அதற்காக மட்டும் இல்லை. நூறு தரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியும் இது தெரியாமல் இருந்திருக்கிறானே இந்த மனுஷன் என்றுதான் நமக்குத் தோன்றும். அவனுக்கும் அதுதான் தோன்றியது.

அன்று சென்டரிலிருந்து திரும்பும்போது, கடலோரம் பாறை கொட்டியிருக்கிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான்.

"டில்லிபாபு கிட்ட இன்னாமே சொன்ன?"

"சும்மா சொன்னேன்யா."

அவன் ஜன்னலை இறக்கிவிட்டான். அவளே பேசினாள்.

"போமாட்டேன்னு நான் சொன்னா நீ சோறு துன்ன மாட்ட. சௌமியா வந்து கத்துவா. அந்த ஆன்சி ஒரு பக்கம். வண்டி நின்னுச்சின்னு வையி, யார யாரு இன்னா சொல்ல முடியும்? நானும் சொல்லல, நீயும் சொல்லல. அந்த ஒரு நாளு எனக்கு லீவு வுட்ட மாரி கீதுயா."

"அன்னிக்கு மூச்சு நின்னு போயிருந்தா?"

"போயிருந்தா போயிருந்துச்சி. சாவணும்னு நான் சொல்லல. லீவு வோணும்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா கீதுன்னா அதுக்கு நான் இன்னா பண்றது."

மனோகரன் ஜன்னலை ஏற்றினான். கியரைப் போட்டு வண்டியை எடுத்தான். வீட்டுக்கு வந்து அவளுக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தான்.

அதற்கடுத்த முறை காலையில் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்கார வைத்தான். ராத்திரி சரியாகத் தூங்காமல் அவள் கண் வீங்கியிருந்தது. அவன் சுற்றி வந்து உட்கார்ந்து சாவியைப் போட்டான். போட்டவன் திருகவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் ஆவலமே" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு சாவியைப் பார்த்தாள்.

"நீ திருவவே இல்லியே."

"ஆவாது. ஆன்சிக்கு போன் போட்டு சொல்லிடறேன். நீ சீட்ட சாய்ச்சிக்கோ."

அவள் சீட்டைச் சாய்க்கவில்லை. தெருவில் ஒரு தண்ணி லாரி வந்து நின்று, பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அவர்கள் ஓடி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரல் ஏலக்கடைக் குரலாக இல்லை, யாருக்கோ சமாதானம் சொல்கிற குரலாக இருந்தது.

"அது நின்னா ஏத்துக்கலாம்யா. அது வண்டி. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அது உக்காந்து அழப்போறதில்ல. நீ நிறுத்தக் கூடாது. நீ நிறுத்துனன்னு ஆச்சின்னா அப்புறம் எப்டியா இந்த வூட்ல தனியா இருப்ப?"

கண்ணாடியில் தெரு கலங்கித் தெரிந்தபோதுதான் தான் அழுவது மனோகரனுக்குத் தெரிந்தது.

அவள் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"திருவு" என்றாள்.

இந்த வண்டியை வாங்கியதிலிருந்து எத்தனையோ நாள், இன்றைக்கு ஸ்டார்ட் ஆகிவிட வேண்டும் என்று வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டு திருகியிருக்கிறான். அன்றைக்கு, ஆகிவிடக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டு திருகினான். உடனே ஸ்டார்ட் ஆனது.