இருசம்மாள் பார்த்த தெளிந்த நீர்

சின்னசேலம் பக்கத்தில் கிணறு வெட்டுகிற இடங்களில் மண் சுமந்தே காலம் தள்ளியவள் இருசம்மாள். ஊற்றுக்கண் திறந்தால் முதல் கை அள்ளிப் பார்ப்பது அவள்தான். கலங்கல் இல்லையென்றால், "நல்ல தண்ணிங்க, குடிக்கலாம்" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான்; நிலக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் மோசம் போனாள், பாவி மகள்.

எண்பத்தேழாம் வருஷம் அவள் மகள் பாப்பாத்திக்கு விடாத காய்ச்சல், தலைவலி, வாந்தி. கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார். முதுகில் நீர் எடுத்தால் பிள்ளை முடமாகிவிடும் என்று ஊரே பயமுறுத்தியிருந்தது. பக்கத்திலேயே நின்ற இருசம்மாள், கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பார்த்தாள். கலங்கலே இல்லை. அப்பாடா என்றிருந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கப்போகிறது, பஸ் நின்றுவிடும் என்று வெளியே ஒரே பேச்சு. நீரே தெளிவாக இருக்கும்போது பிள்ளைக்கு ஆஸ்பத்திரி எதற்கு? யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் பிள்ளை தூங்கியது, எழுப்பினால் எழவில்லை. கழுத்து விறைத்துப் போனது. புருஷன் ஆதிமூலம் மறியலுக்குப் போயிருந்தான். தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ரோடு எங்கே இருந்தது? மறியல்காரர்கள் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரத்துக்கு மரம் ஏறி இறங்கினாள். ஒரு மரத்தடியில் ஆதிமூலமே கோடாலியோடு நின்றான். அதைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். நடையும் ஓட்டமுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. இருசம்மாள்தான் முந்திக்கொண்டு பேசினாள்.

"தெளிவா இருந்துச்சேங்கம்மா. நான் பாத்தேனே."

சீழ்பிடித்த மூளைக்காய்ச்சலில்தான் அந்த நீர் கலங்கும் என்றார் டாக்டரம்மா. டி.பி. மூளைக்காய்ச்சலில் தெளிவாகவே வரும். அப்படியே வைத்திருந்தால் ஒட்டடை மாதிரி இழை கட்டும். பாப்பாத்தியின் நீரில் வெள்ளணுக்கள் ஜாஸ்தி, சர்க்கரை கம்மி. வெறும் கண்ணால் இதெல்லாம் தெரியாது. மருந்தை அன்றைக்கே தொடங்கியிருக்க வேண்டும் என்றபடி ஊசியை எடுத்தார்.

ஊசியும் மாத்திரையுமாக நாட்கள் போயின. ஒருநாள் உச்சி வெயிலில் பாப்பாத்தி கண் திறந்தாள். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள் இருசம்மாள். பிள்ளை தடவித் தடவி அவள் கையைப் பிடித்தது.

"இன்னாம்மா, இன்னும் விடியலியா?"

ஜன்னல் வெயில் பிள்ளையின் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இருசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து அதை எடுத்தாள்.

"இல்லடி கண்ணு. நீ தூங்கு."