ஐஸ் பக்டரி திறந்த நாள்

அன்றைக்கு விழா தொடங்குமுன் அங்கே இருந்தது நாலு பேர்தான்: மண்டபத்துக்குப் பொறுப்பான மிஸ், கட்டடத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பாதர், சுவருக்குப் பெயின்ற் அடித்த நான், முன்பு அங்கே வேலை செய்த ஒரு அம்மா. அரிப்பு என்கிற எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த ஐஸ் பக்டரியைப் படம் வைக்கிற, நாடகம் போடுகிற மண்டபமாக்கியிருந்தார்கள். உப்பு ஊறின சுவர். விழா முடியுமுன் பெயின்ற் உரிந்திடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

அம்மா மெலிந்த ஆள். அந்த வெயிலிலும் இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் செருகியிருந்தா. ஐஸ் தூக்கின காலத்துப் பழக்கமாம்.

“வாங்கோ அம்மா, படங்களைப் பாருங்கோ” என்றா மிஸ்.

“படம் கிடக்கட்டும் பிள்ளை. கந்தோர் எங்க?”

“ஒபிசில என்ன அலுவல் அம்மா?”

“பூட்டேக்க முதலாளி சொன்னவர், திரும்பத் திறக்கிற அண்டைக்குச் சம்பளம் தாறன் எண்டு. இண்டைக்குத் திறக்கினம் எண்டு கோயிலில அறிவிச்சவை. வந்திட்டன்.”

“அவர் வித்துப்போட்டுப் போயிட்டார் அம்மா” என்றார் பாதர், மெதுவாக.

“அவர் போனா என்ன பாதர், பக்டரி இஞ்சதானே நிக்குது.”

மிஸ் அவசரமாகக் கதிரையொன்றை இழுத்துப் போட்டா.

“நான் இருக்க வரேல்லைப் பிள்ளை.”

வாசலில் என்னிடம் மட்டும் கணக்கைச் சொல்லிவிட்டு நடந்தா. உண்மையில் நம்பித்தான் வந்தாவோ, எங்கள் காதில் போட்டுவிட்டுப் போக வந்தாவோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பெயின்ற் அடித்த காசு எனக்கு அன்றே கிடைத்தது. அவவுக்கு வரவேண்டியது மூன்று மாதச் சம்பளம், முப்பத்தாறாயிரம் ரூபாய்.