முகவரிப் பட்டையில் என் மகள்

எங்கள் சமூகத்தாருக்கான திருமணத் தகவல் தளத்தை நடத்துபவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பெரம்பலூரில் அவருக்கு ஒரு கணினி மையமும் உண்டு. மகளின் மறுமணத்துக்குப் பதிவு செய்ய அங்கேதான் சென்றேன். அவளுடைய விவாகரத்து எங்கள் வீட்டைத் தாண்டாத செய்தி. 'விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்' என்று தளத்தில் எழுதியிருந்ததை நம்பினேன்.

அங்கிருந்த ஒரு கணினியில் படிவத்தை நானே நிரப்பினேன். தந்தை பெயர் என்ற இடத்தில், கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுவதுபோல, என் பெயருக்குப் பின் எம்.ஏ., பி.எட். என்று சேர்த்தேன். பெயரில் புள்ளியும் காற்புள்ளியும் கூடாதென்று படிவம் திரும்பி வந்தது. இரண்டும் படித்துப் பெற்ற பட்டங்கள். ஒரு படிவத்துக்காக அவற்றை நீக்க நான் தயாராக இல்லை. மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் திரும்பியது. எழுந்து வந்துவிட்டேன்.

நான்காம் நாள் அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தூரத்து உறவினர், நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்:

"என்ன மாமா, பாப்பாவுக்கு விவாகரத்து ஆயிடுச்சாமே? எங்ககிட்டயே மறைச்சுட்டீங்களே!"

தன் மகனுக்குப் பதிவு செய்ய அதே மையத்தில், நான் நிரப்பிய கணினியிலேயே உட்கார்ந்தாராம். தளத்தின் பெயரைத் தட்டத் தொடங்கியதுமே, திரையின் மேலிருக்கும் முகவரிப் பட்டையின் கீழ், முன்பு அதில் திறந்த பக்கத்தின் முகவரியாக நீளமாக ஒரு வரி இறங்கியிருக்கிறது. அதில் என் பெயர், பட்டங்கள், மகளின் பெயர், அவளுடைய விவாகரத்து எல்லாம் இருந்தனவாம்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அந்த மையத்துக்குத் திரும்பினேன்.

"தப்பு வந்தா நீங்க அடிச்சது அழிஞ்சிடக் கூடாதுல்ல சார்? அதான் அதைப் பக்கத்தோட முகவரியில சேத்துத் திருப்பி அனுப்புறேன். மறுபடி அடிக்கிற வேலை மிச்சம்" என்றார் மையக்காரர், நாற்காலியை விட்டு எழாமல்.

"சர்வர்லயே வச்சுக்க வழியில்லையா?"

"வைக்கலாம், செஷன்னு சர்வர்லயே தற்காலிகமா ஒரு எடம் இருக்கு. யாரு சார் இதையெல்லாம் பாக்குறா? நீங்க அந்த எம்.ஏ.வ எடுத்திருந்தா மொத தடவையே போயிருக்கும்."

"பாத்த ஆளு பஸ்ல எம் பக்கத்துல உக்காந்திருந்தாருய்யா!"

ஒவ்வொரு கணினியிலும், திறந்த பக்கங்களைச் சேர்த்துவைக்கும் ஹிஸ்டரியை அழிக்கவைத்தேன். என் கண்முன்னே படிவத்தை இயக்கும் ஸ்கிரிப்டை மாற்றவைத்தேன். பின்பு கற்பனைப் பெயர் ஒன்றைப் பட்டங்களோடு அனுப்பிப் பார்த்தேன். பிழை வந்தது, தட்டியவை கட்டங்களில் அப்படியே இருந்தன, முகவரியில் தளத்தின் பெயர் மட்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்ய அவருக்கு என் மானம் தேவைப்பட்டிருக்கிறது.

"இப்பப் பதிவு பண்ணிடலாமா சார்?"

எழுந்து வெளியேறினேன்.

அன்று மாலை நடந்ததை மகளிடம் நானே சொன்னேன். அந்த மையக்காரரைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்:

"மூணு தடவையும் பட்டத்தோடயா அனுப்புனீங்க?"