வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் அம்மா

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடித்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறிய அன்று அப்பா காஜா பேராங் சாலையில் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆனால் படிப்பால் வந்தவற்றில் நான் அதிகம் பெருமைப்படுவது சான்றிதழை வைத்து அல்ல. ஒரு படத்தின் முன்னால் அவசரமில்லாமல் நிற்க எனக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம் என் சீனத் தோழியோடு சேர்ந்து வந்தது. பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவள், பிறகு சிங்கப்பூருக்குப் போய் ஓவியம் கற்றுத் திரும்பியிருந்தாள். நாடு விடுதலை பெற்ற காலம் அது. பள்ளி மண்டபம், சங்கக் கட்டடம் என்று மலாக்காவில் நாலு சுவர் கிடைத்த இடத்திலெல்லாம் இளம் ஓவியர்கள் படங்களை மாட்டினார்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் இருவரும் சைக்கிளில் போய்விடுவோம்.

ஆரம்பத்தில் நான் படத்தைப் பார்க்கும் முன் கீழே ஒட்டியிருக்கும் தலைப்பைப் படித்துவிடுவேன். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுவது போல. போகப்போக அதை விட்டேன். ஒருவர் ஆற்றுப் படகுகளைச் சில கறுப்புக் கோடுகளில் வரைந்திருந்தார். தண்ணீருக்கு ஒரு கோடுகூட இல்லை, வெறும் காகிதம்தான். அந்த வெறும் காகிதம் எப்படித் தண்ணீராகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றதில், மண்டபத்தைப் பூட்ட வந்தவர் இருமிக் காட்டினார்.

இன்னொரு பக்கம் தென்னை மரம், அத்தாப்பு ஓலைக் கூரை, சிவந்த வானம் என்று படங்கள் வரிசையாக இருக்கும். கூட்டம் அங்கேதான் நிற்கும்.

"நாடு கிடைத்ததும் எல்லாரும் ஓடிப்போய்த் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்" என்று தோழி ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பாள். நான் விடமாட்டேன். அந்தத் தென்னை மரப் படம் ஒன்றில், மரத்தடியில் படுத்திருந்த நாயின் நிழல் ஊதா நிறத்தில் அவ்வளவு சரியாக விழுந்திருந்தது. அதற்காக வீடு வரும்வரை அவளோடு சண்டை போட்டேன்.

அவள் வரைய விரும்பியது எங்கள் கொல்லையை.

எங்களுடையது டோபி வீடு. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை அப்பாவும் அம்மாவும் வெளுத்துக் கொல்லை முழுக்கக் காயப்போடுவார்கள். அந்த வருடம் அப்பா நெஞ்சு நோயில் விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட, அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்தாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போகும் முன் நான் பிழிந்து கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி வண்ணப்பெட்டியோடு வந்து, கொய்யா மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள்.

"அமோய், நல்ல சேலையா கட்டிக்கிட்டு வரவா?" என்று அம்மா தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் கேட்டாள். சீனப் பெண்பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு 'அமோய்'தான்.

"வேண்டாம் ஆன்ட்டி. நீங்கள் வேலையைப் பாருங்கள்."

"வேல செய்றத எவளாச்சும் படம் போடுவாளா?" என்று அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "படிச்ச புள்ளைங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாக்காச் செட்டி வீடு, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள். எங்களோடு அவர்கள் அம்மன் கோயிலில் கும்பிடுவார்கள், ஆனால் பேசுவது மலாய்தான். அந்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "படத்துல ஏறிட்டே! இனிமே என் துணியை யார் துவைப்பாங்க?"

"படத்துல இருக்கிறவகிட்ட கொண்டுபோய்க் குடு. அவளுக்கு இடுப்பு வலிக்காது" என்றாள் அம்மா.

தோழி படத்தைத் தன் வீட்டில் வைத்து முடித்தாள். ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் அது இடம்பெற்றது. அவள் படம் சுவரேறியது அதுதான் முதல் தடவை. திறப்பு நாளில் போய்ப் பார்த்தேன். படம் முழுக்க விரிப்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. அருகே போனால் அந்த வெள்ளைக்குள் நீலம் இருந்தது, வாழைக்குருத்தின் மஞ்சள் இருந்தது, மடிப்புகளில் புல்லின் பச்சைகூட ஏறியிருந்தது. நடுவில் கையை உயர்த்தி நின்ற அம்மாவின் மேல் துணிகளின் வெளிச்சம் பட்டு, அவளுடைய வெளிறிய நீலச் சேலையும் வெள்ளையாகிவிட்டது. முகத்துக்குக் கண்ணும் மூக்கும் கிடையாது. இரண்டே தீற்றல். ஆனாலும் அந்தத் தோள் என் அம்மாவின் தோள். எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிப் போனேன். முதலில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில். அப்பா பேரில் அர்ச்சனை. அந்த வாரம் டாக்டர் எங்களிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. இருமலில் ரத்தம் வருவது நிற்கட்டும், பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்மா குங்குமப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அங்கிருந்து நடந்தே மண்டபத்துக்கு வந்தோம். கல்யாண வீட்டுக்குப் போவது போல அரக்குச் சேலை கட்டியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசை.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"யாருடி செத்துட்டா?"

"யாரும் சாகலம்மா. அது நீங்கதான். நம்ம கொல்லை."

அம்மாவின் கை தானாகத் தாலியைத் தொட்டது.

"எனக்கு எதுக்குடி வெள்ளச் சேல?"

"அது வெள்ளை இல்லம்மா, வெயிலு. துணியில படுற வெளிச்சம் உங்க மேல விழுது. கிட்ட வந்து பாருங்க, உள்ள நீலம் இருக்கு."

"வெயிலு என் பொட்டயும் அழிச்சிருச்சா?"

நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தின நாள் அத்தனை நிறங்களைக் கண்டுபிடித்த என் கண்ணில் அது படவேயில்லை.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, தினமும் காலையில் எனக்கு வைப்பது போலவே நிதானமாகப் படத்தின் நெற்றியில் வைத்தாள்.

"தொடாதே! தொடாதே!" என்று மலாயில் கத்திக்கொண்டு மண்டபக் காவலர் ஓடி வந்தார். அந்தச் சத்தத்தில் தோழியும் வந்துவிட்டாள். தன் படத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ஏன் ஆன்ட்டி?"

"என் புருஷன் இன்னும் சாகல, அமோய்" என்றாள் அம்மா. கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பார்வை நேரம் கேட்பது போன்ற குரல். "ஆஸ்பத்திரியில இருக்காரு. நீ இப்படிப் போட்டு நாலு பேர் பார்க்க மாட்டி வச்சா, எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

தோழி படத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர்கள் வீட்டிலும் சாவுக்கு உடுத்துவது வெள்ளைதான். போன வருடம் அவளுடைய தகப்பனார் இறந்தபோது அந்தத் துணியில் அவளைப் பார்த்திருக்கிறேன். "நான் வெளிச்சத்தை மட்டுமே பார்த்தேன்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

அதற்குள் அடுத்த சங்கடம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குங்குமம் மெல்லமெல்ல உதிர்ந்து, அந்த வெள்ளைச் சேலையின் மேல் இறங்கியது. வைக்காத பொட்டு ஒரு குறை என்றால், வைத்த பொட்டு அழிவது அதைவிடப் பெரியது.

"பெயிண்ட் கொண்டு வருகிறேன்" என்று தோழி சைக்கிளுக்கு ஓடினாள். அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

விசிறியை நிறுத்த முடியாது, மற்றவர்களுக்குப் புழுங்கும் என்றார் காவலர். அம்மா அவரோடு வாதாடவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காற்றை மறித்து நின்றுகொண்டாள். வேலையில் இருக்கும்போது விரிப்பைப் பிடிக்கும் அதே பிடி. வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். டை கட்டிய ஒரு பெரியவர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார், "இதுவும் கண்காட்சியில் சேர்ந்ததா?"

"ஆமாம் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய், மரியாதையாகப் பார்த்தார்.

தோழி வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினாள். சிதறிய பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். சிவப்பைத் தூரிகை நுனியில் எடுத்தபோது அவள் கை நடுங்கியது. அம்மா அவள் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். ஒரு பொட்டு விழுந்தது.

அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"படம் கெட்டுப் போய்விட்டது" என்றாள் தோழி என் காதில். "இனி எல்லாக் கண்ணும் நேரே அங்கேதான் ஓடும்."

உண்மைதான். நீலமும் மஞ்சளும் பச்சையும் பின்னால் ஒதுங்கிவிட்டன. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, பொட்டு இல்லாமல் அது இன்னும் நல்ல படமாக இருந்தது என்றே நினைக்கிறேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை. "எடுத்துவிடலாமா?" என்று தோழி என்னைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. அவள் தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா பிழைத்து வீட்டுக்கு வருவார் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. தலையணையில் சாய்ந்திருந்தவரிடம் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"உங்க பொண்டாட்டியப் படமா வரைஞ்சு மாட்டியிருக்காங்க. டவுனே வந்து பாக்குது."

"டவுனுக்கு வேற வேல இல்லியா?" என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்தது. அது அடங்கும்வரை அம்மா அவர் முதுகில் கை வைத்திருந்தாள்.

"யாரு வரைஞ்சா?"

"இவ கூட்டாளி, அந்த சீனப் பொண்ணுதான். கை நடுங்குச்சு பாவம். ஆனா சரியா நடுவுல வச்சிருச்சு."

"எத?"

"பொட்ட."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பொட்ட நடுவுலதானே வைப்பாங்க?" என்றார்.

"ஆமா" என்றாள் அம்மா. "நடுவுலதான்."