அழ இடம் கேட்டவன்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத வந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று அங்கே இருந்தவர்களில் இதைத் தமிழில் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில், பாகலூர் ரோட்டில் கேசட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் வாடகை அறையில் தங்கிப் படித்த எத்தியோப்பியப் பையன் ஒருவன் அடிக்கடி வருவான். பெங்களூரில் படிக்கும் ஆப்பிரிக்க நண்பர்களிடம் ராப் கேசட்டுகள் வாங்கி வந்து பதியச் சொல்வான். செனகலிலும் தான்சானியாவிலும் பையன்கள் தங்கள் பாஷையிலேயே ராப் செய்கிறார்கள், எங்கள் ஊரிலும் வரும், நானும் செய்வேன் என்பான். எனக்கு இங்கிலீஷ் வராது; அவன் இங்கே வந்து கற்றுக்கொண்ட அரைகுறைக் கன்னடத்தில்தான் எங்கள் பேச்சு. கடை வாசலில் பூ விற்கும் அக்கா அவனைச் சும்மா விடமாட்டாள்.

"ஏன்டா தம்பி, இது பாட்டா, இல்ல பஸ்ஸுல எடத்துக்கு அடிச்சிக்கிறதா?"

அவனுக்குப் புரியாது. ஆனாலும் சிரிப்பான்.

ஒருநாள் காலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினான். அம்மா இறந்து அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்கள். அறைக்குப் போய் வாய்விட்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் என் கடைக்கு வந்துவிட்டார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். கெட்டவர் இல்லை, அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"பந்தக்கால் நட்ட வூடு தம்பி. அழுவுற சத்தம் கேக்கக்கூடாது. எனக்குக் கன்னடம் வராது. நீங்களே சொல்லிடுங்க."

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவன் கோபப்படவில்லை. தங்கள் ஊரில் சாவு விழுந்தால் வாசலில் கூடாரம் போடுவார்கள், செத்தவரைப் பற்றி ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் அழுவார்கள் என்றான். பிறகு கேட்டான்: "நான் எங்கே அழுவது, அண்ணா?"

கடைக்குக் கூட்டிவந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். மைக் கேட்டான். ஒரு டெக்கில் வெறும் தாளம் ஓடும் கேசட்டையும் இன்னொன்றில் காலி கேசட்டையும் போட்டேன். வழக்கம்போல வேகமாகத்தான் ஆரம்பித்தான். போகப்போகத் தாளம் முன்னே போக, அவன் பின்தங்கினான். கடைசியில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. எமாயே, எமாயே.

பூக்கார அக்கா கேலி பேசத்தான் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்திருப்பாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மாவா?" என்று என்னைக் கேட்டாள்.

தலையாட்டினேன். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்து, அவளும் தாழ்ந்த குரலில் தனக்குத் தெரிந்த ஒப்பாரியை எடுத்தாள். அவன் ஒரு பாஷை, அவள் ஒரு பாஷை. கேசட் ஒரு பக்கம் முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது. இருவரும் நிறுத்தவில்லை. நான் பக்கம் மாற்றிப் போடவில்லை. கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் நாதஸ்வரம் போட்டிருந்ததால் தெருவில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கல்யாணம் நடந்தது. வீட்டுக்காரர் கூப்பிட்டதால் அவனும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.